கடலிலே ஒரு கும்பிடு

எங்கள் பாட்டனார் காலத்துக் கிராமத்தில் தோள் துண்டுக்கு ஒரு சட்டம் இருந்தது. எந்தப் புத்தகத்திலும் எழுதப்படாத சட்டம். பண்ணையார் எதிரே வந்தால், வயலிலிருந்து திரும்புகிறவன் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக் கொள்ள வேண்டும். அல்லது இடுப்பில் சுற்றிக் கொள்ள வேண்டும். காலணா பெறாத கிழிந்த துண்டுதான். ஆனாலும் அது தோளில் இருந்ததா, இடுப்பில் இருந்ததா என்பதை வைத்துத்தான் அன்றைக்கு அவன் முதுகு தப்புவதும் தப்பாததும் நிர்ணயமாயிற்று. "அந்தத் துண்டைப் பண்ணையார் எடுத்துக் கொண்டா போகப் போகிறார்?" என்று சிறு வயதில் நான் பாட்டனாரைக் கேட்டதுண்டு. "துண்டு அவருக்கு எதற்கடா? அது கீழே இறங்க வேண்டும், அவ்வளவுதான்" என்றார் அவர்.

கடற்கொடிகளின் சரித்திரத்தைப் படிக்கும்போதெல்லாம் பாட்டனாரின் இந்த வார்த்தைதான் எனக்கு ஞாபகம் வருகிறது. அங்கேயும் விஷயம் சில முழத் துணிதான். அங்கேயும், 'அது கீழே இறங்க வேண்டும்' என்ற பிடிவாதந்தான். கிராமத்தில் இந்தப் பிடிவாதம் ஒருவன் முதுகோடு போயிற்று. கடலிலோ அதற்காகப் பல்லாயிரம் பேர் வெட்டுண்டும் சுட்டுண்டும் மூழ்கியும் மாண்டார்கள்.

கதைக்குள் போவதற்கு முன்னால், இன்று பாய்மரப் படகுகளில் கொடி எப்படிப் பறக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மேல்நாடுகளில் சொந்தமாகப் பாய்மரப் படகு வைத்துக் கொண்டு தேசம் தேசமாகச் சுற்றுகிறவர்கள் உண்டு. புருஷனும் மனைவியுமாக ஒரு சின்னப் படகில் ஏறி மகா சமுத்திரத்தைக் கடந்து விடுவார்கள். சமையல், படுக்கை எல்லாம் அதற்குள்ளேதான். அப்படிப்பட்ட படகிலும் கொடி விஷயத்தில் மட்டும் ஆசாரம் தப்பக் கூடாது.

படகு எந்த தேசத்தைச் சேர்ந்ததோ அந்தக் கொடி படகின் பின்புறத்தில் பறக்க வேண்டும். துறைமுகத்தில் நிற்கும்போது காலை எட்டு மணிக்கு அதை ஏற்றிச் சூரியாஸ்தமனத்தில் இறக்க வேண்டும். பிரிட்டனில், விடியத் தாமதமாகும் குளிர்காலத்தில், ஒன்பது மணிக்கு ஏற்றினால் போதும். படகுச் சங்கத்தில் அங்கத்தினராக இருந்தால் சங்கத்தின் முக்கோணக் கொடிக்குப் பாய்மரத்தின் உச்சியில் இடம். அயல்நாட்டுத் துறைமுகத்துக்குள் நுழையும்போது ஒரு மஞ்சள் கொடியைக் கட்ட வேண்டும். 'எங்கள் படகில் நோய் நொடி ஒன்றும் இல்லை. கரையேற அனுமதி கொடுங்கள்' என்று அதற்குப் பொருள். அதிகாரிகள் வந்து பார்த்து அனுமதி கொடுத்ததும் மஞ்சள் கொடி இறங்கிவிடும். அந்த நாட்டின் கொடி ஒன்று, சிறிய அளவில், பாய்மரத்தின் வலப்புறத்துக் கயிற்றில் ஏறும். அதற்கு 'மரியாதைக் கொடி' என்று பெயர். ஒருவர் வீட்டுக்குள் நுழையும்போது செருப்பை வாசலில் விடுகிறோமே, அந்த மாதிரி. அதே கயிற்றில் அதற்கு மேலே வேறு கொடி பறக்கலாகாது; வெளுத்ததும் கிழிந்ததுமான கொடியைக் கட்டுவது கட்டாமல் இருப்பதைவிட மோசம்.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு சம்பிரதாயம் இருக்கிறது. நடுக்கடலில் ஒரு போர்க்கப்பல் எதிர்ப்பட்டால், பாய்மரப் படகுக்காரர் பின்புறம் போய்த் தம் கொடியைப் பாதிக்கும் கீழே மெல்ல இறக்கிப் பிடித்துக் கொண்டு நிற்பார். போர்க்கப்பலில் ஒரு மாலுமி அதைக் கவனித்து, தங்கள் கொடியையும் அதேபோல் தாழ்த்தி மறுபடி உயர்த்துவான். பிறகு படகுக்காரரும் தம்முடையதை உயர்த்திக் கொள்வார். ஒரு வார்த்தை பேச்சில்லை. நாம் தெருவில் பெரியவர் ஒருவரைக் கண்டு கைகூப்ப, அவரும் பதிலுக்குக் கைகூப்பிவிட்டுப் போவதைப் போன்ற காரியம்.

இந்தச் சிறு கும்பிடு கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இதன் பூர்வ கதையைக் கேட்டால் திடுக்கிட வேண்டியிருக்கும்.

பழைய பாய்மரக் கப்பலுக்குக் காற்றுதான் கால், பாய்தான் கை. மேல் பாயைத் தளர்த்தி இறக்கிவிட்டால் கப்பலின் வேகம் அடங்கிவிடும். ஓடவும் முடியாது, சட்டென்று திரும்பிச் சண்டை போடவும் முடியாது. ஆகவே எதிர்ப்பட்ட கப்பலுக்கு முன்னால் மேல் பாயை இறக்குவது, 'நான் உனக்கு விரோதி அல்ல. ஓடப் போவதும் இல்லை' என்று சொல்வதாகும். பாயோடு கொடியும் இறங்கிற்று. மரியாதை என்பதற்குப் பல இடங்களில் இதுதான் பிறப்பு: கையில் ஆயுதம் இல்லை என்று காட்டுவது.

ஆனால் தானாகக் காட்டியதை மற்றவன் உரிமையாகக் கேட்க ஆரம்பித்தால் வந்தது வினை. இங்கிலாந்தைச் சுற்றியுள்ள குறுகிய கடல்கள் அனைத்தும் தங்களுக்கே சொந்தம் என்று ஆங்கில மன்னர்கள் நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். அந்தக் கடலில் தங்கள் போர்க்கப்பலைக் காணும் எந்த தேசத்துக் கப்பலும் மேல் பாயை இறக்கிக் கொடியையும் தாழ்த்த வேண்டும் என்பது அவர்கள் கட்டளை. 1603-ஆம் ஆண்டில் முதலாம் ஜேம்ஸ் பட்டத்துக்கு வந்தபோது, அவரைக் கண்டு வாழ்த்துக் கூறுவதற்காகப் பிரெஞ்சு மன்னர் நான்காம் ஹென்றி தம் மந்திரி ஸுல்லியை அனுப்பினார். ஸுல்லி ஏறி வந்தது ஆங்கிலக் கப்பல். அவருக்கு மரியாதை செய்யலாம் என்று பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் ஒருவர் தம் கப்பலில் பிரெஞ்சுக் கொடியோடு நெருங்கி வந்தார். அவ்வளவுதான், கொடியை இறக்கச் சொல்லி ஆங்கிலக் கப்பலிலிருந்து பீரங்கி வெடித்தது! வாழ்த்துச் சொல்ல வந்த தூதருக்குக் கிடைத்த வரவேற்பு இது. ஸுல்லி பெரிய ராஜதந்திரி. வந்த காரியம் கெடக் கூடாதே என்று கோபத்தை விழுங்கிக் கொண்டு, கொடியை இறக்கிவிடும்படி தம்மவருக்குச் சொல்லி அனுப்பினார். பிரெஞ்சுக்காரர்கள் இந்த அவமானத்தை வெகு காலம் மறக்கவில்லை.

'கடல் உனக்குச் சொந்தமா?' என்று கேட்கவும் ஆட்கள் இருந்தார்கள். ஹாலந்து தேசத்துச் சட்ட அறிஞர் குரோஷியஸ், கடல் எவருக்கும் சொந்தமில்லை, எல்லோரும் போகலாம் என்று வாதாடி 1609-ல் ஒரு புத்தகம் எழுதினார். நம் கிழக்குக் கடல்களில் டச்சுக்காரர் வியாபாரம் செய்வதற்கு நியாயம் தேடித்தான் அவர் அதை எழுதினார் என்பது வேறு விஷயம். இங்கிலாந்தில் ஜான் செல்டன் என்பவர் அதற்கு மறுப்பாக, கடலுக்கும் சொந்தக்காரன் உண்டு என்று 1635-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். இரண்டும் லத்தீன் பாஷையில் எழுதிய கனமான நூல்கள். பண்டிதர்கள் மையால் நடத்திய இந்தச் சண்டையை மாலுமிகள் ரத்தத்தால் நடத்த வேண்டிய நாள் சீக்கிரமே வந்தது.

1652-ஆம் ஆண்டு மே மாதம். இங்கிலாந்தில் அப்போது ராஜா இல்லை. முதலாம் சார்லஸின் தலையை வாங்கிவிட்டுக் குடியரசு நடத்திக் கொண்டிருந்தார்கள். ராஜாவை வேண்டாம் என்றவர்கள், ராஜா கேட்டு வந்த கும்பிடை மட்டும் வேண்டாம் என்று சொல்லவில்லை! டச்சுக் கடற்படைத் தலைவர் டிரோம்ப் நாற்பதுக்கு மேற்பட்ட கப்பல்களுடன் டோவர் துறைமுகத்துக்கு அருகே வந்தார். ஆங்கிலத் தளபதி பிளேக் எதிர்ப்பட்டார். டிரோம்பின் கொடி இறங்கவில்லை. பிளேக் எச்சரிக்கையாகச் சுட்டார். மறுபடியும் சுட்டார். மூன்றாவது குண்டு டிரோம்பின் கப்பலில் விழுந்து சிலரைக் காயப்படுத்தியது. டிரோம்ப் பக்கத்துப் பீரங்கிகள் அத்தனையையும் ஒரே சமயத்தில் முழங்கிப் பதில் சொன்னார். 'நான் கொடியை இறக்கத்தான் இருந்தேன், அதற்குள் சுட்டுவிட்டார்கள்' என்பது டச்சுக்காரர் கட்சி. 'சண்டைக்கென்றே வந்தார்' என்பது ஆங்கிலேயர் கட்சி. ஐந்து மணி நேரம் யுத்தம் நடந்தது.

இரண்டு தேசங்களுக்கும் வியாபாரப் போட்டி ஏற்கனவே முற்றியிருந்தது. மருந்து காய்ந்து கிடந்தது. நெருப்புப் பொறி கொடியிலிருந்து விழுந்தது. அந்த யுத்தம் 1654 வரையில் நடந்தது. டிரோம்ப் 1653-ல் நடந்த சண்டை ஒன்றில் குண்டு பட்டு இறந்தார். சமாதான ஒப்பந்தத்தில், ஆங்கிலக் கப்பல்களுக்கு முன்னால் கொடி தாழ்த்துவதாக டச்சுக்காரர்கள் எழுதிக் கொடுத்தார்கள். பண்ணையாருக்குத் துண்டு இறக்குவதைப் பத்திரத்தில் எழுதி வாங்கிக் கொண்ட மாதிரி!

இனிமேல்தான் நம் கதாநாயகி வருகிறாள். சந்தேகம் வேண்டாம், இந்தக் கதையில் ஒரு கதாநாயகியும் உண்டு. பெயர் டொரத்தி ஆஸ்பர்ன். ஆங்கில இலக்கியம் படித்தவர்கள் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள். வில்லியம் டெம்பிள் என்ற வாலிபனை அவள் நேசித்தாள். இரு வீட்டாரும் சம்மதிக்கவில்லை. பணக்கார வரன்களாகக் கொண்டு வந்து நிறுத்தினார்கள். அவள் ஒவ்வொன்றாகத் தட்டிக் கழித்துவிட்டு டெம்பிளுக்குக் கடிதம் எழுதிக் கொண்டேயிருந்தாள். அந்தக் கடிதங்கள் இன்றைக்கும் படிக்கப்படுகின்றன. அவள் அவற்றை எழுதிய காலம் 1652 முதல் 1654 வரையில். அதாவது டிரோம்பின் கொடி இறங்காததால் மூண்ட அந்த யுத்தம் நடந்த காலமேதான். யுத்தம் முடிந்த வருஷத்து டிசம்பரில் அவர்களுக்குக் கல்யாணம் நடந்தது. அதே கொடி பதினேழு வருஷம் கழித்துத் தன் வாழ்க்கைக்குள் வந்து நிற்கும் என்று அந்தப் பெண் கனவிலும் நினைத்திருக்க மாட்டாள்.

இடையில் இங்கிலாந்தில் மறுபடி ராஜா வந்தார். நாடு கடந்து ஹாலந்தில் இருந்த இரண்டாம் சார்லஸ், 1660-ல் பட்டம் ஏற்கத் திரும்பினார். டச்சுக்காரர்களின் வேகமான சிறு பாய்மரப் படகுகளைக் கண்டு அவருக்கு ஆசை உண்டாயிற்று. வேட்டையாடுதல் என்று பொருள்படும் டச்சுச் சொல்லிலிருந்து அந்தப் படகுக்குப் பெயர் வந்தது. அதைத்தான் இன்று உலகம் 'யாட்' என்கிறது. ஆம்ஸ்டர்டாம் நகரத்தார் 'மேரி' என்ற அழகான யாட் ஒன்றை அவருக்குப் பரிசாகவே அனுப்பினார்கள். ராஜாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. அடுத்த வருஷமே தம்பி ஜேம்ஸோடு நூறு பவுன் பந்தயம் கட்டிக் கிரீனிச்சிலிருந்து கிரேவ்ஸெண்ட் வரை படகு ஓட்டினார். போகும்போது தோற்றார், திரும்பும்போது ஜயித்தார். இங்கிலாந்தில் பொழுதுபோக்குப் படகோட்டத்தின் ஆரம்பம் அதுதான். டச்சுக்காரர்கள் அன்போடு கொடுத்த அந்தப் பரிசின் இனத்தைச் சேர்ந்த ஒரு படகே அவர்களுக்கு எமனாக வரப் போகிறது.

1670-ல் சார்லஸ், பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியுடன் டோவரில் ஒரு ரகசிய உடன்படிக்கை செய்து கொண்டார். இரண்டு பேரும் சேர்ந்து ஹாலந்தைத் தாக்குவது என்று ஏற்பாடு. ஆனால் யுத்தத்துக்கு ஒரு காரணம் வேண்டுமே? ஆற்றின் கீழ்ப்பக்கம் நின்ற ஆட்டுக்குட்டியைப் பார்த்து, 'என் தண்ணீரைக் கலக்குகிறாயா?' என்று கேட்ட ஓநாயின் கதை நமக்குத் தெரியும். சார்லஸும் அப்படி ஒரு கேள்வியைத் தேடினார்.

டொரத்தியின் கணவர் டெம்பிள் அப்போது ஹாலந்துக்கு ஆங்கிலத் தூதராக இருந்தவர். டச்சுக்காரர்களிடம் மெய்யான சிநேகம் கொண்டவர். 1668-ல் இரு தேசங்களுக்கும் நட்பு ஒப்பந்தம் செய்து வைத்தவரே அவர்தான். அவரை ராஜா லண்டனுக்குத் திரும்ப அழைத்துக் கொண்டார். மனைவி மக்கள் அங்கேயே இருந்தார்கள். அவர்களை அழைத்து வருவதற்காக 1671 ஆகஸ்டில் 'மெர்லின்' என்ற ராஜாங்க யாட் அனுப்பப்பட்டது. திரும்பும்போது டச்சுக் கடற்படையின் ஊடே வர வேண்டும். அவர்கள் கொடி தாழ்த்தாவிட்டால் சுட வேண்டும் என்று அதன் தலைவனுக்குக் கட்டளை.

காட்சியை மனக்கண்ணால் பாருங்கள். ஒரு பக்கம் மலைமலையாகப் போர்க்கப்பல்கள். நடுவே ஒரு குருவி போல மெர்லின். குருவிக்கு உள்ளே ஒரு தாயும் குழந்தைகளும். டச்சுக்காரர்கள் கொடியை இறக்கவில்லை. மெர்லின் சுட்டது! டச்சுத் தளபதி வான் கெண்டுக்குக் கோபத்தைவிட வியப்புத்தான் அதிகம் இருந்திருக்க வேண்டும். அவர் திருப்பிச் சுடவில்லை. சீமாட்டிக்கு உபசாரம் சொல்லத் தாமே படகேறி மெர்லினுக்கு வந்தார். எங்கள் கரையோரத்திலேயே ஒரு யாட்டுக்காகக் கடற்படை முழுவதும் கொடி தாழ்த்த வேண்டும் என்று எனக்கு உத்தரவில்லை என்று விளக்கினார்.

மெர்லினின் தலைவனுக்குத் தர்மசங்கடம். மேலும் சுட்டால் நிமிஷத்தில் சமாதி. சுடாமல் போனால் ராஜா விடமாட்டார். 'அம்மணி, என்ன செய்யட்டும்?' என்று டொரத்தியிடம் போய் நின்றான். ஒரு பெண் பிள்ளை பயந்து போய், 'போதும், போய்விடலாம்' என்று சொன்னால் பழியை அவள் தலையில் போட்டுவிடலாம் அல்லவா? கல்யாணத்துக்கு முன்பே வீட்டார் அத்தனை பேரையும் எதிர்த்து நின்றவள் இந்தத் தந்திரத்துக்கா ஏமாறுவாள்? உமக்கு இட்ட கட்டளை உமக்குத்தான் தெரியும், என்னையும் என் குழந்தைகளையும் எண்ணிப் பார்க்காமல் உமக்குச் சரியென்று பட்டதைச் செய்யும் என்ற கருத்தில் பதில் சொல்லிவிட்டாள். அவன் அதற்கு மேல் சுடவில்லை. மெர்லின் இங்கிலாந்து வந்து சேர்ந்தது. கொடியின் கௌரவத்தைக் காப்பாற்றவில்லை என்று அவனை லண்டன் கோபுரச் சிறையில் போட்டார்கள்.

ராஜாவோ டெம்பிளைக் கண்டபோது, தலைவன் நடந்து கொண்டது மோசம், உம் மனைவி நடந்து கொண்டது நேர்த்தி என்று பாராட்டினார். அதற்கு டெம்பிள், எங்கள் குடும்பத்துக்கும் கொஞ்சம் பெருமை உண்டு, ஹாலந்தோடு சிநேகம் செய்து வைத்தவன் நான், யுத்தம் மூட்டிய கீர்த்தி என் மனைவிக்குக் கிடைக்கும் போலிருக்கிறது என்று பதில் சொன்னாராம். சிரித்துக் கொண்டுதான் சொல்லியிருப்பார். அந்தச் சிரிப்புக்குள் எத்தனை கசப்பு இருந்திருக்கும் என்பதை, தாம் கட்டிய வீட்டைத் தம் கண்ணெதிரில் பிறர் கொளுத்தப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

ராஜாவுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. வான் கெண்டைத் தண்டிக்க வேண்டும், கடலில் எங்கள் ஆதிபத்தியத்தை ஒப்புக் கொள்ள வேண்டும் என்று கேட்பதற்காக ஜார்ஜ் டவுனிங் என்ற தூதரை ஹாலந்துக்கு அனுப்பினார். இன்று பிரிட்டிஷ் பிரதம மந்திரி வசிக்கிறாரே, அந்த டவுனிங் தெருவுக்குப் பெயர் கொடுத்த மனிதர்தான். டச்சு ஜனங்களுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. கூட்டம் தம்மை என்ன செய்யுமோ என்று அஞ்சி, அனுமதி பெறாமலே 1672 பிப்ரவரியில் லண்டனுக்கு ஓடி வந்தார். அவரையும் கோபுரச் சிறையில் போட்டார்கள். இறங்காத ஒரு கொடிக்காகச் சிறை சென்ற இரண்டாவது ஆசாமி அவர்.

அடுத்த மாதமே யுத்தம் பிரகடனமாயிற்று. ஜூன் மாதத்தில் ஸோல்பே என்ற இடத்தில் பெரிய கடற்போர் நடந்தது. மெர்லின் படகில் ஏறிக் குழந்தைகளுடன் இருந்த சீமாட்டிக்கு உபசாரம் சொன்ன வான் கெண்ட் அந்தப் போரில் மாண்டார். ஆங்கிலத் தளபதி சாண்ட்விச் பிரபு தம் கப்பல் தீப்பற்றியதில் மாண்டார். இவர்கள் பெயர்கள் சரித்திரத்தில் இருக்கின்றன. கூட மாண்டவர்கள் பெயர் தெரியாத மாலுமிகள். அவர்களில் எவனுக்கும் சொந்தமாக ஒரு கொடி இருந்ததில்லை.

1674-ல் சமாதானம் வந்தபோது டச்சுக்காரர்கள் மறுபடியும் எழுதிக் கொடுத்தார்கள். இந்தத் தடவை எல்லையையும் குறித்து வாங்கிக் கொண்டார்கள்: ஸ்பெயினின் பினிஸ்டெர் முனையிலிருந்து நார்வே வரையில் ஆங்கிலக் கொடியைக் கண்டால் தாழ்த்த வேண்டும்.

கதை இதோடு முடிந்திருந்தால், வணங்காததற்காக யுத்தம் நடந்தது என்று சொல்லி நிறுத்திவிடலாம். ஆனால் நூறு வருஷம் கழித்து அதே இரண்டு தேசங்களுக்குள், வணங்கியதற்காகவே ஒரு தகராறு வந்தது.

1776 நவம்பர் 16-ஆம் தேதி, கரிபியன் கடலில் டச்சுக்காரர்களுக்குச் சொந்தமான ஸெயிண்ட் யூஸ்டேஷியஸ் என்ற சின்னஞ்சிறு தீவுக்கு 'ஆண்ட்ரூ டோரியா' என்ற பாய்மரக் கப்பல் வந்தது. அதில் பறந்த கொடி யாரும் அதிகம் கண்டிராத கொடி. அமெரிக்கக் குடியேற்றங்கள் ஆங்கிலேயரை உதறிச் சுதந்திரப் பிரகடனம் செய்து நாலு மாதந்தான் ஆகியிருந்தது. கப்பல் பீரங்கி முழங்கி வணக்கம் சொன்னது. கோட்டையில் இருந்த டச்சுக் கவர்னர் டி கிராப் யோசித்தார். பதில் சொல்லாமல் இருக்கலாம். சொன்னால், அப்படி ஒரு தேசம் உண்டு என்று ஒப்புக் கொண்டதாகும். அவர் பதினொரு முழக்கம் செய்து பதில் வணக்கம் கூறினார்.

லண்டனில் இடி விழுந்தது போலாயிற்று. கவர்னரைத் தண்டிக்க வேண்டும் என்று கேட்டார்கள். அவர் ஹாலந்துக்கு வரவழைக்கப்பட்டு விசாரிக்கப்பட்டார். வியாபாரக் கப்பலுக்குச் செய்யும் மரியாதையைத்தான் செய்தேன், அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்று வாதாடித் தப்பித் திரும்பவும் பதவிக்கே வந்து சேர்ந்தார். ஆங்கிலேயர் மறக்கவில்லை. 1780 டிசம்பரில் ஹாலந்தின் மேல் அவர்கள் யுத்தம் தொடுத்ததற்கு, அமெரிக்காவோடு டச்சுக்காரர் நடத்திய வியாபாரமே முக்கிய காரணம். என்றாலும் மனத்தில் வைத்திருந்த குற்றப் பட்டியலில் அந்தப் பதினொரு முழக்கமும் இருந்தது. யுத்தச் செய்தி எட்டுவதற்கு முன்பே ஆங்கிலத் தளபதி ராட்னி 1781 பிப்ரவரியில் அந்தத் தீவைப் பிடித்துக் கொண்டார். பிடித்தவர் என்ன செய்தார் தெரியுமா? டச்சுக் கொடியை இறக்கவேயில்லை! ஏறக்குறைய ஒரு மாதம் அதையே பறக்கவிட்டார். சிநேக தேசத்துக் கொடி பறக்கிறது என்று நம்பி வந்த கப்பல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொண்டார். மற்றவர் கொடி இறங்க வேண்டும் என்று நூற்றாண்டுக் கணக்கில் சண்டையிட்டவர்கள், லாபம் இருந்தபோது அது இறங்க வேண்டாம் என்றும் இருந்தார்கள்.

அந்த யுத்தத்தின் அலை நம் கரையிலும் வந்து மோதிற்று. 1658 முதல் டச்சுக்காரர் வசம் இருந்த நாகப்பட்டினத்தை 1781 நவம்பரில் ஆங்கிலேயர் முற்றுகையிட்டுப் பிடித்தார்கள். 1784-ல் ஏற்பட்ட சமாதானத்தில் அதைத் திருப்பித் தரவில்லை. எங்கோ ஐரோப்பாவிலும் கரிபியனிலும் இரண்டு பேர் கொடிக்கும் கடைக்கும் அடித்துக் கொள்ள, நாகப்பட்டினத்து நெசவாளிக்கும் படகோட்டிக்கும் எஜமானர் மாறினார். அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்படியானால் ஆங்கிலேயர் அந்த உரிமையை எப்போது விட்டார்கள்? தோற்றபோது அல்ல என்பதுதான் விசேஷம். 1805-ல் டிராபால்கர் போரில் பிரெஞ்சு, ஸ்பானியக் கப்பற்படைகளை ஒருசேர முறியடித்தார்கள். கடலில் அவர்களை எதிர்க்க ஆள் இல்லை. அதையொட்டிய காலத்திலேதான், மற்ற தேசத்துக் கப்பல்களைக் கொடி தாழ்த்தச் சொல்லும் விதி கடற்படைக் கட்டளைகளிலிருந்து ஓசைப்படாமல் மறைந்தது. ஏன் என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். தன் பலத்தில் சந்தேகம் உள்ளவனுக்குத்தான் நிமிஷத்துக்கு நிமிஷம் கும்பிடு தேவைப்படுகிறது. சந்தேகம் தீர்ந்தவன் மற்றவன் தோளில் துண்டு இருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

கேட்கிறவர்கள் கேட்பதை நிறுத்தினார்கள். வணக்கம் மட்டும் நிற்கவில்லை. அதைக் காப்பாற்றி வைத்தவர்களில் யாட் வைத்திருந்தவர்களும் உண்டு. அயர்லாந்தின் கார்க் துறைமுகத்தில் 1720-லேயே ஒரு படகுச் சங்கம் இருந்தது. அதன் அங்கத்தினர்கள் பந்தயம் கூட ஓட்டவில்லை. கடற்படையைப் போல வரிசையாகப் படகு செலுத்திக் கொடி காட்டி அணிவகுத்து மகிழ்ந்தார்கள். குழந்தைகள் பெரியவர்களின் சண்டையைப் பார்த்துவிட்டு வந்து திண்ணையில் விளையாடுவது போல! ஆனால் அந்த விளையாட்டிலே சண்டை உதிர்ந்து, மரியாதை மட்டும் எஞ்சியது. கட்டளையாக இருந்தது வழக்கமாயிற்று, வழக்கம் நாகரிகமாயிற்று.

பழைய கும்பிடுக்கும் இன்றைய கும்பிடுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மெர்லின் காலத்தில் தாழ்த்துகிறவன் தாழ்த்த வேண்டியதுதான்; வாங்குகிறவனுடைய கொடி அசையாது. இன்றைக்கோ, முப்பது அடிப் படகு ஒன்று கொடி தாழ்த்தினால் எத்தனை பெரிய போர்க்கப்பலானாலும் தன் கொடியைத் தாழ்த்திப் பதில் சொல்வது முறை. பதில் சொல்லாமல் போவது சிறியவனுக்கு அல்ல, பெரியவனுக்குத்தான் இழுக்கு. பீரங்கியால் முன்னூறு வருஷம் கிடைக்காத மரியாதை, பீரங்கி மௌனமான பிறகு இரு பக்கத்துக்கும் கிடைத்திருக்கிறது.

2024 அக்டோபரில் கோவாவிலிருந்து 'தாரிணி' என்ற பாய்மரப் படகு புறப்பட்டது. நம் கடற்படையைச் சேர்ந்த ஐம்பத்தாறு அடிப் படகு. அதில் இருந்தவர்கள் இரண்டே பேர்: கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா, புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி. பிரீமாண்டில், லிட்டில்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் ஆகிய துறைமுகங்களைத் தொட்டு உலகத்தைச் சுற்றிவிட்டு 2025 மே மாதக் கடைசியில் திரும்பினார்கள். மெர்லினைப் போலவே அதுவும் ஒரு சர்க்காரின் சின்னப் படகு, அதிலும் பெண்கள். ஆனால் சுடுவதற்குப் பீரங்கியும் இல்லை, சுடச் சொல்லிக் கட்டளையும் இல்லை. யாருடைய கொடியையும் இறக்கச் சொல்லாமல் அவர்கள் தங்கள் கொடியை உலகத்தைச் சுற்றிக் கொண்டு வந்து சேர்த்தார்கள். டொரத்தி ஆஸ்பர்ன் பார்த்திருந்தால் நல்லதாக ஒரு கடிதம் எழுதியிருப்பாள்.

கடைசியாக எங்கள் கிராமத்துக்கே திரும்புகிறேன். நான் சிறுவனாக இருந்தபோது பண்ணையாரும் இல்லை, துண்டுச் சட்டமும் இல்லை. எல்லோர் தோளிலும் துண்டு தாராளமாகக் கிடந்தது. ஆனால் ஒரு நாள் சாயங்காலம் ஒரு காட்சி பார்த்தேன். எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார் சைக்கிளில் வந்து கொண்டிருந்தார். வரப்பிலிருந்து ஏறிய கிழவர் ஒருவர் அவரைக் கண்டதும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக் கொண்டு நின்றார். அவருடைய பேரனுக்கு அந்த வருஷந்தான் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. வாத்தியார் அவசரமாகச் சைக்கிளை விட்டுக் கீழே இறங்கினார். சைக்கிளைத் தொடையில் சாய்த்துக் கொண்டு இரண்டு கைகளையும் கூப்பினார்.

கிழவர் துண்டை மறுபடி தோளில் போட்டுக் கொண்டு நடந்தார். வாத்தியார் அவர் கொஞ்ச தூரம் போகிற வரையில் நின்றுவிட்டு, அப்புறந்தான் சைக்கிளில் ஏறினார்.